தொரை என்கிற கிடாவுக்கு மரண தண்டனை

மைக் செட் தொழிலில் புதிதாகக் கால் வைத்திருக்கும் தம்பிகளே, வயர் இழுப்பது, ஸ்பீக்கர் பாக்ஸ் அடுக்குவது பற்றியெல்லாம் நான் உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் செல்போனைத் தடவியே ஒரு மைதானத்தின் சத்தத்தை ஏற்றி இறக்குகிறீர்கள். காதில் ஓயாமல் ஒரு ரீங்காரம் கேட்கிறது என்று டாக்டரிடம் போனேன். ‘இனிமேல் பாக்ஸ் பக்கமே போகாதீர்கள்’ என்று சொல்லிவிட்டார். திண்டிவனத்துக் கடையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஐம்பத்து மூன்று வயதிலேயே வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். நம் மைக் செட்காரர்கள் சங்கத்து ஆண்டு மலரில் நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். மேடையில் பேசச் சொல்லியிருந்தால் ஊரைவிட்டே ஓடியிருப்பேன். எழுதுவது என்றால் யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்பதால் ஒப்புக்கொண்டேன்.

நம் தொழிலில் எந்திரம் கெட்டால் சரி செய்துவிடலாம். ‘கொஞ்சம் ஏத்துப்பா’ என்று நாலு பேர் நாலு பக்கமிருந்து கத்தும்போது ஏற்றுவதா, வேண்டாமா என்பதுதான் கஷ்டம். திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தாலி கட்டி முடிந்ததும் சம்பந்திகளுக்குள் சண்டை. மாப்பிள்ளை வீட்டுக்கு மணமான காபி, பெண் வீட்டுக்குக் கழுநீர்க் காபி என்று தொடங்கியது. வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று பெண்ணின் மாமா ஓடி வந்து, “பாட்ட ஏத்துப்பா, ஜல்தி” என்றார். ஏற்றினேன். சம்பந்திகள் பாட்டை மீறிக் கத்தினார்கள். இன்னும் ஏற்றினேன். இன்னும் கத்தினார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்ப் பாட்டு நின்றது. “ஒங்க வம்சமே காபிக்கு அலையிற வம்சம்யா!” என்ற ஒரு வாக்கியம் மட்டும் ரயில்வே கேட் வரைக்கும் தனியாகப் போனது. சத்தத்தைச் சத்தத்தால் மூட முடியாது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது தொரை கதை.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஓர் ஊர். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கரும்பும் விளைகிற ஊர். ஆடி மாதம் முனீஸ்வரன் கோயில் திருவிழா. வழக்கமாக ஆடலும் பாடலும் வைப்பார்கள். அந்த வருடம் டிவியில் ஒரு கொலை வழக்கு ஓயாமல் ஓடிக்கொண்டிருந்ததால், ஊர்ப் பையன்கள் பட்டிமன்றம் வைத்துவிட்டார்கள். தலைப்பு, ‘மரண தண்டனை வேண்டுமா? வேண்டாமா?’ பட்டிமன்றம் முடிந்ததும் கிடா வெட்டு. அடுத்தது கறிக்குழம்பு. ஒரே நோட்டீசில் இந்த மூன்றும் இதே வரிசையில் அச்சாகியிருந்தன. அதில் ஏதாவது இடிக்கிறதா என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

மதியம் நான் பாக்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தபோது அஞ்சலை என்கிற பெண் வந்தாள். கூடவே, ஒரு கல்யாண மாப்பிள்ளையின் நடையோடு, முழங்கால் வரை தாடி வைத்த ஒரு கறுப்புக் கிடா. அதுதான் தொரை.

அவள் புருஷன் கோவிந்தன் வானூர்ப் பக்கம் கட்டட வேலை செய்தவர். மூன்று வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து பேச்சு மூச்சில்லாமல் கிடந்தபோது, ‘அவரை எழுப்பிக் கொடு, ஒரு கிடா தருகிறேன்’ என்று இவள் முனீஸ்வரனுக்கு வேண்டிக்கொண்டாள். அவர் எழுந்துவிட்டார். குட்டியாக நேர்ந்துவிட்ட தொரை வளர்ந்து நின்றது. நேர்ந்துவிட்ட கிடாவை அந்த ஊரில் யாரும் அடிக்கவோ விரட்டவோ கூடாது. அது சாமி சொத்து. மூன்று வருடமாக அடி என்றால் என்னவென்றே தெரியாமல் ஊரைச் சாப்பிட்டு வளர்ந்த ஜீவன் அது. என் கண்ணெதிரே பெட்டியிலிருந்த ஒரு மைக்கின் பஞ்சு உறையைக் கழற்றித் தின்றது. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ண்ணா, இத்த இன்னிக்கி வெட்டறாங்கண்ணா” என்றாள் அஞ்சலை. “குட்டியா இருக்கச்சொல்ல ஒண்ணும் தெரில. இப்ப எம்மவன் மாரி ஆயிப்போச்சி. நீங்க மைக்ல ஒரு வார்த்த சொல்லுங்கண்ணா.”

“நானா? நான் இன்னாம்மா சொல்றது?”

“வாணாம்னு சொல்லுங்க.”

“நீயே சொல்லேன்.”

“நான் சொன்னா வேண்டுதல மீறுன மாரி ஆயிடும். அவுருக்கு ஏதாவது ஆச்சின்னா?”

அவள் சிக்கல் அதுதான். கிடாவும் பிழைக்க வேண்டும், சாமி குத்தமும் ஆகக் கூடாது. ஒரே ஒரு வழி இருந்தது. அந்தக் கோயிலில் வெட்டுவதற்கு முன் கிடா மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம், வெட்டலாம். மூன்று சொம்பு ஊற்றியும் சிலுப்பாவிட்டால் சாமிக்கு வேண்டாம் என்று அர்த்தம், விட்டுவிட வேண்டும். “அப்படி எதுனா நின்னிருக்கா?” என்று கேட்டேன். “எங்கண்ணா நின்னிருக்கு! முதுவுல தண்ணி ஊத்துனா எந்த ஆடு சிலுப்பாம நிக்கும்?” என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினாள். தொரை அவள் முந்தானையைத் தின்ன ஆரம்பித்தது.

வெயில் தாழ்ந்ததும் பட்டிமன்றம் தொடங்கியது. நடுவர் விழுப்புரத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். ஆறு பேச்சாளர்கள் என்று நோட்டீசில் இருந்தது. வந்தது இரண்டு பேர். ‘வேண்டும்’ என்று பேச விழுப்புரத்து வக்கீலம்மா. ‘வேண்டாம்’ என்று பேசக் கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாய். வளைகுடா நாட்டில் நெடுங்காலம் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர்.

வக்கீலம்மா எடுத்த எடுப்பிலேயே கூட்டத்தைப் பிடித்துவிட்டார். “எங்கிட்ட ஒரு அம்மா வந்தாங்க. ‘எம்பொண்ண கொன்னவன் ஜெயில்ல மூணு வேள சோறு துன்னுக்கினு இருக்கான். எம்பொண்ணுக்கு நான் வருஷத்துக்கு ஒரு தபா படையல் போடறேன்’னு சொன்னாங்க. அவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது? மன்னிக்கணும்னு சொல்ல வந்திருக்கீங்களே பாய், மன்னிக்கிற உரிமை செத்துப்போனவங்களுக்குத்தான் உண்டு. அவங்கள வந்து மன்னிக்கச் சொல்லுங்க!”

கைதட்டல். நானும் தட்டினேன். பாய் எழுந்து, கைதட்டல் அடங்கும்வரை சிரித்துக்கொண்டே நின்றார்.

“வக்கீலம்மா கேட்டது நியாயம். எங்க மார்க்கத்துல உயிருக்கு உயிர்னு சட்டம் இருக்கு, நான் மறைக்கல. அதே எடத்துல, செத்தவன் குடும்பம் மன்னிச்சா அது பெரிய நன்மைன்னும் இருக்கு. நான் கடை வெச்சிருந்த ஊர்ல ஒரு தகப்பன், புள்ளய கொன்னவன மன்னிச்சிட்டாரு. ‘ஏன் மன்னிச்சீங்க?’ன்னு கேட்டேன். ‘அவன் செத்தா எம்புள்ள வருவான்னா நானே கயிறு இழுப்பேன். வரமாட்டானே’ன்னாரு. அப்புறம் இன்னொண்ணு. தப்பான ஆள தூக்குல போட்டுட்டா, கோர்ட்டு மன்னிப்பு கேக்கலாம். யார்கிட்ட கேக்கும்?”

மறுபடி கைதட்டல். இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. முன்வரிசையிலிருந்த விழாத் தலைவர் ஏழுமலை அப்போது எழுந்தார். நல்ல மனிதர், ஆனால் மைக் இல்லாமலே பக்கத்து ஊருக்குக் கேட்கும்படி பேசுகிறவர்.

“உயிர எடுக்கக் கூடாதுன்னா, எங்க முனீஸ்வரன் கையில அருவா எதுக்கு பாய்?”

பாய் பதில் சொல்லுமுன் கோயில் பூசாரி வேலு கீழேயிருந்து, “அது காவலுக்கு! நீ வூட்ல தடி வெச்சிக்கினு இருக்கியே, தெனம் யாரையாவது அடிக்கறியா?” என்றார்.

“என் வூட்டுக்காரியக் கேளு, யாரு யார அடிக்கறாங்கன்னு!”

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு, தன்னைத்தான் அழைக்கிறார்கள் என்று நினைத்ததோ என்னவோ, தொரை மேடை ஏறியது. நேராக நடுவரிடம் போய் அவர் கழுத்திலிருந்த சாமந்தி மாலையைத் தின்னத் தொடங்கியது. சாமி சொத்து என்பதால் யாரும் இழுக்கவில்லை. நடுவர் பாவம், வெளியூர்க்காரர். கைகளை மேலே தூக்கிக்கொண்டு, மாலை குறையக் குறைய, “ஐயா... யாராவது... ஐயா...” என்றார். மைக் அவர் வாயருகே இருந்ததால் தொரை மெல்லுகிற சத்தம் நாலு பாக்ஸிலும் கேட்டது. அதைவிடத் தெளிவாக என் செட்டில் எதுவும் கேட்டதில்லை.

தம்பிகளே, இந்த மாதிரி இடத்தில் புதுப் பையன் மைக்கை அணைத்துவிடுவான். அணைக்காதீர்கள். கூட்டம் சிரிக்கிறபோது அதன் கையிலிருந்து சிரிப்பைப் பிடுங்கினால் அது கல்லை எடுக்கும்.

நடுவர் மாலை போனதும் தெளிந்துவிட்டார். “பேசப்பட வேண்டியவரே மேடைக்கு வந்துவிட்டார்” என்றார். “ஊரில் எங்கோ இருக்கிற குற்றவாளியைப் பற்றி எதற்கு? இவர் மேல் குற்றச்சாட்டு உண்டா?”

அவ்வளவுதான். மூன்று வருடம் ஊர் அடக்கிவைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. “எங்கூட்டு கல்யாணத்துக்கு கட்டுன வாழ மரத்த முகூர்த்தத்துக்கு முன்னாடியே துன்னுட்ச்சி!” “என் பட்டுப் பொடவ!” “எங்கப்பா போட்டோவுக்கு போட்ட மாலய தெனம் துன்னுது, அவுரு செத்தும் நிம்மதி இல்ல!” ஏழுமலையின் மல்லாட்டைக் கொல்லையில் பாதி போயிருந்தது.

வக்கீலம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “தொடர் குற்றவாளி. திருந்துற அடையாளமே இல்ல. இப்பகூட சாட்சி சொல்றவர் துண்ட மேஞ்சிக்கினு இருக்கு. உச்சபட்ச தண்டனை!”

“குற்றம்னு அதுக்குத் தெரியுமா?” என்று பாய் குதித்தார். “நீங்க ஒருநாள் அடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். வளத்து வுட்டது ஊரு, சாவறது ஆடா?”

“பக்ரீத்துக்கு நீங்க வெட்டறதில்லியா பாய்?” என்று ஏழுமலை மடக்கினார்.

“வெட்றோம் தலைவரே, பிரியாணியும் போடறோம், ஒங்களுக்கும் போன வருஷம் வந்திச்சே! ஆடு மேல கோவத்துல வெட்றதில்ல. இப்ப நீங்க மல்லாட்டைக்காக அருவா கேக்கறீங்களா, முனீஸ்வரனுக்காக கேக்கறீங்களா? அத்த சொல்லுங்க மொதல்ல.”

ஏழுமலை வாயைத் திறந்தார். மூடினார். “ரெண்டுக்கும்தான்” என்றார். உண்மையைச் சொன்ன மனிதருக்கு அன்று விழுந்த கைதட்டல் மாதிரி நான் கேட்டதில்லை.

அப்போதுதான் அஞ்சலை எழுந்தாள். மேடைக்கு வரவில்லை, இருந்த இடத்திலிருந்தே சொன்னாள். “அன்னிக்கி எம்புருஷன் பொழைக்கணும்னு கேட்டேன். இன்னிக்கி ரெண்டு பேரும் பொழைக்கணும்னு கேக்கறேன். சாமிகிட்ட கூடக் கொஞ்சம் கேட்டா தப்பா?”

“உக்காருடி, சாமி குத்தம் ஆயிடும்” என்று பக்கத்திலிருந்த கோவிந்தன் அவள் கையைப் பிடித்து இழுத்தார். சொல்லிவிட்டு அவரும் தொரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். பட்டிமன்ற நடுவர்கள் இரண்டு பக்கமும் சரி என்று சொல்லி முடிப்பதில் கெட்டிக்காரர்கள். இங்கே ஒரு பக்கம் உயிரோடு நின்று துண்டைத் தின்றுகொண்டிருந்ததால் அவருக்கு வழியில்லை. “இந்த வழக்கில் தீர்ப்பு சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, மேல்கோர்ட்டுக்கு அனுப்புகிறேன்” என்று முனீஸ்வரன் பக்கம் கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

கூட்டம் முழுக்கக் கோயில் வாசலுக்கு நகர்ந்தது. பெரிய பாக்ஸ் இரண்டும் வாசலைப் பார்த்துத்தான் இருந்தன. பூசாரி வேலுவின் கையில் ஏழுமலை கார்ட்லெஸ் மைக்கைத் திணித்து, “நடக்கறத சொல்லிக்கினே இரு” என்றார். பூசாரி ஒரு கையில் சொம்பும் ஒரு கையில் மைக்குமாக, கிரிக்கெட் வர்ணனைபோல ஆரம்பித்தார். “மொதல் சொம்பு... ஊத்தியாச்சி... தொரை நிக்கிது... காத மட்டும் ஆட்டுது... காது கணக்கில்ல!”

தொரை நின்றது. மாலையும் துண்டும் உள்ளே போயிருந்ததால் அதற்கு ஒரு திருப்தி இருந்திருக்க வேண்டும்.

“ரெண்டாவது சொம்பு... முதுவு ஃபுல்லா நனஞ்சிப்போச்சி... அசையல!”

கூட்டத்தில் பாதி “ஹோ” என்றது. மீதிப் பாதி கறிக்குழம்பை நினைத்து முகம் வாடியது. அஞ்சலை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ஏழுமலை வேகமாக என்னிடம் வந்தார்.

“யோவ் மைக்கு, மூணாவது ஊத்தச்சொல்ல ஒரு கூவு கூவ வுடு.”

மைக் கூவுவது என்றால் உங்களுக்குத் தெரியும். ஊசிபோலக் காதில் ஏறுகிற அந்தக் ‘கீ’ச் சத்தம்.

“வேணாங்க தலைவரே.”

“ஒரே ஒரு கூவு. துள்ளிடும். ஊரே பசியில இருக்குதுய்யா.”

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தர்மம், நியாயம் எதுவும் நினைக்கவில்லை. சிரிப்பும் பயமும் கலந்து வந்தது. ஒரு பக்கம் திருவிழாவின் தலைவர். இன்னொரு பக்கம் அஞ்சலையின் கண். நடுவில், வால்யூம் திருகு மேல் என் விரல். கூவ விட்டாலும் நான் செய்ததுதான். கூவாமல் பார்த்துக்கொண்டாலும் நான் செய்ததுதானே என்று ஒரு குழப்பம். அதனால் ஒன்றும் செய்யாமல் விரலை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அப்படி எடுத்த மறுகணம், பூசாரி மூன்றாவது சொம்பு மொள்ளக் குனிந்தார். கார்ட்லெஸ் மைக் நேரே பாக்ஸின் வாயருகே போனது. மைக் தானாகவே கூவத் தொடங்கியது. முதலில் கொசுபோல, அப்புறம் விசில்போல ஏறியது. தொரையின் முதுகில் மயிர் எழும்புவதை நான் பார்த்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ‘ஒன்றும் செய்யாமல் இருப்பது’ என்று நம் தொழிலில் ஒன்று கிடையாது. மிரட்டி வாங்கினால் அது என்ன சம்மதம்? மெயின் சுவிட்சைப் பிடுங்கினேன்.

பாக்ஸ் செத்தது. கூவல், வர்ணனை, இரைச்சல் எல்லாம் ஒரே நொடியில் நின்றன. மதியத்திலிருந்து அந்த ஊரில் அமைதி என்பதே இல்லை. திடீரென்று வந்ததும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கரும்புத் தோட்டத்தில் காற்று ஓடுவது கேட்டது. அந்த அமைதியில் பூசாரி மூன்றாவது சொம்பை ஊற்றினார். தண்ணீர் தொரையின் முதுகில் வழிந்து, வயிற்றில் வழிந்து, தாடி வழியாகச் சொட்டியது.

தொரை நின்றது. நின்றது. பிறகு தும்மியது.

“சிலுப்பிட்ச்சி!” என்று பாதி ஊர் கத்தியது.

“அது தும்மலு!” என்று மீதி ஊர் கத்தியது.

மைக் இல்லாமலே அடுத்த பட்டிமன்றம் தொடங்கிவிட்டது. தும்மினால் தலை ஆடியதா இல்லையா, தலை உடம்பில் சேர்த்தியா இல்லையா என்று வக்கீலம்மாவும் பாயும் செருப்பைக்கூட மறந்துவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்கினார்கள். வேடிக்கை என்னவென்றால், வக்கீலம்மா, “சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு!” என்று தொரை பக்கம் நின்றார். “நீங்க எந்தக் கட்சிம்மா?” என்று பாய் கேட்க, “சாட்சி பலமா இருந்தாத்தான் நான் தூக்கு கேப்பேன் பாய்!” என்றார்.

அஞ்சலை கூட்டத்தைப் பிளந்துகொண்டு தொரையிடம் போய் நின்றாள். “தும்முனது மூக்கு. சாமிக்கு வேணும்னா மூக்காண்ட இருக்கற மயிர எடுத்துக்கட்டும். நான் வாணாம்னா சொல்றேன்?”

யாரோ சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் முனீஸ்வரனைப் பார்த்தார்.

“மனுசன் உசுருக்கு நேந்துக்கினாலும் தலமுடி குடுத்து தீக்கறோம்ல? இதுக்குத் தாடி இருக்கு. சாமி தாடிய கேக்குது” என்றார்.

யாரும் மறுத்துப் பேசுமுன் அருவாளை எடுத்தார். அஞ்சலை தொரையின் தலையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். கோவிந்தன் கைகளைக் கூப்பினார். ஒரே இழுப்பு. மூன்று வருடத்துத் தாடி பூசாரியின் கையில் இருந்தது. வாழையிலையில் வைத்துச் சாமிக்குப் படைத்தார்கள். தாடியில்லாத தொரையின் முகம் அநியாயத்துக்குச் சின்னப் பையன் முகமாக இருந்தது. அதைப் பார்த்து முதலில் சிரித்தவர் ஏழுமலைதான். சிரித்துச் சிரித்து என் தோளில் சாய்ந்து, “இன்னிக்கி குஸ்காதான்யா, கறியில்லாத வெறும் குஸ்கா. எல்லாம் உன்னாலதான்” என்று முதுகில் ஒரு அறை வைத்தார். அது வலித்தது, ஆனால் கோபத்தில் அடித்த அடி இல்லை.

திரும்பும்போது பேச்சாளர்களையும் நடுவரையும் என் வண்டியில்தான் விழுப்புரத்தில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் பேச்சு. “கிடாவ வுட்டதால நான் கட்சி மாறிட்டேன்னு நெனச்சிக்காதீங்க. பொண்ண பறிகுடுத்த அந்த அம்மாவுக்கு பதில் இன்னும் யாரும் சொல்லல” என்றார் வக்கீலம்மா. “சொல்லலதான். எனக்கும் தெரியல” என்றார் பாய். பிறகு நடுவர், “அந்த ஆட்டுக்கு மாலை ஜீரணம் ஆகுமா?” என்று கவலைப்பட்டார். மறுபடி சிரிப்பு.

தம்பிகளே, மனிதனைத் தூக்கில் போடலாமா என்பதற்கு என்னிடமும் பதில் இல்லை. அதைப் படித்தவர்கள் பேசட்டும். ஆனால் ஓர் உயிர் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் உங்கள் பாக்ஸ் அதற்குப் பதிலாகப் பேசிவிடக் கூடாது. கூட்டமும் காசு கொடுத்தவரும் சேர்ந்து ‘ஏத்து’ என்பார்கள். அப்போது சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே உங்கள் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த ஆடிக்கும் அந்த ஊருக்குப் போயிருந்தேன், சும்மா பார்க்க. மற்ற கிடாக்கள் வழக்கம்போலச் சிலுப்பின, வழக்கம்போலக் குழம்பாயின. ஆனால் கோயில் வாசலில் தனியாக ஒரு வரிசை நின்றது. தொரை முதலில், மறுபடி வளர்ந்த தாடியோடு, கழுத்தில் மாலையோடு. அதன் பின்னால் இன்னும் மூன்று வீட்டுக் கிடாக்கள். எல்லாம் தாடிக் காணிக்கை. கோவிந்தன் குடையைப் பிடித்துக்கொண்டு வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். ஏழுமலை என்னைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

“நீ அன்னிக்கி ஒரு சுவிட்ச்ச புடுங்குன. இன்னிக்கி எங்கூரு ஆட்டுக்கு சவரம் பண்றதுக்கே தனியா ஒரு ஆளு வெக்க வேண்டியதா கீது பாரு!”

அந்த ஆள் யார் என்று பார்த்தேன். கத்தியைத் தீட்டிக்கொண்டு வரிசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது அஞ்சலை.